கண்ணால் கண்டதும் கட்சி கண்டதும்

சென்ற திங்களின் இரண்டாம் ஞாயிறு மாலை நம் சங்க வாசகசாலையில் ஒரு கூட்டம் கூடியது. நம் வட்டாரத் தமிழ்ப் பள்ளியில் இரண்டு ஆசிரியர் இடங்கள் நெடுநாளாக நிரப்பப்படாமல் கிடப்பதும், மேல்வகுப்புப் பிள்ளைகள் கணிதமும் அறிவியலும் கற்பிப்பாரின்றித் தவிப்பதும் அன்பர்கள் அறிந்த செய்தியே. உரியவர்களுக்கு ஒரு மனு எழுதி, எல்லாக் குடும்பத்தாரிடமும் கையொப்பம் பெற்று, நேரில் சென்று கொடுப்பதென்று முடிவு செய்யவே அக்கூட்டத்தைக் கூட்டினோம். வந்திருந்தோர் அறுபதின்மருக்குக் குறையார். மனுவும் தட்டச்சு செய்யப்பட்டு மேசைமேல் இருந்தது. அரை மணியில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

முடியவில்லை. பின்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் வந்த ஒரு துண்டுக் காட்சியைப் பக்கத்திலிருந்தவருக்குக் காட்டினார். தமிழ்நாட்டுத் தலைவர் ஒருவர் மேடையில் பேசுவது. இருபது விநாடிகூட இராது. பக்கத்திலிருந்தவர், “இது வெட்டி ஒட்டியது” என்றார். அதற்கு அடுத்தவர், “வெட்டுவதும் ஒட்டுவதும் யார் வழக்கம் என்று ஊருக்கே தெரியும்” என்றார். “தம்பி, அதைக் கொஞ்சம் சட்டைப்பைக்குள் வையுங்கள், பிள்ளைகள் காரியம் பேச வந்திருக்கிறோம்” என்று நம் அண்ணாச்சி எழுந்து நின்று சொல்லிப் பார்த்தார். எண்பதைக் கடந்த அவர் சொல்லுக்கு நம்மிடையே என்றும் மதிப்புண்டு. அன்று அதுவும் எடுபடவில்லை. பத்து நிமிடத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றது. இறுதியில் ஒருவர் கேட்ட கேள்விதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. “அது இருக்கட்டும், இந்த மனுவை எழுதியவர் எந்தக் கட்சி?”

தேநீர் ஆறிப்போயிற்று. இரவு எட்டரை மணிக்குக் காவலாளி கதவைப் பூட்ட வந்தபோது மனுவில் இருந்த கையொப்பங்கள் பதினொன்று.

அந்த அறுபது பேரில் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் பெயர் உடையோர் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவர். பம்பாய் என்று இன்னும் நாம் வாய்தவறிச் சொல்லும் இம்மும்பையில்தான் நமக்கு வாக்கு. நம் குழாயில் வரும் நீரும், நம் தெருவின் சாக்கடையும், பள்ளியின் ஆசிரியரும் இங்குள்ள ஆட்சிகளின் பொறுப்பு. இங்கு நம் தொகுதியில் சென்ற முறை நின்ற வேட்பாளர்களின் பெயர்களைக் கேட்டால் நம்மில் பாதிப்பேர் விழிப்போம். ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தலைவர் ஒருவருக்காக, முப்பதாண்டு காலம் அண்டை வீட்டில் வாழ்ந்தவரோடு முகம் முறித்துக் கொள்கிறோம். இது எப்படி நேர்ந்தது?

கட்சி வெறி நமக்குப் புதியதன்று. தமிழ்நாட்டில் கட்சியும் பத்திரிகையும் இரட்டைப் பிள்ளைகளாகவே வளர்ந்தன. 1925இல் ‘குடி அரசு’, 1935இல் ‘விடுதலை’, 1942இல் அண்ணாவின் ‘திராவிட நாடு’, அதே ஆண்டில் கலைஞர் துண்டுத்தாளாகத் தொடங்கிய ‘முரசொலி’ என்று இயக்கத்தின் ஒவ்வொரு கிளைக்கும் ஓர் இதழ் இருந்தது. காங்கிரசார்க்கும் பொதுவுடைமையார்க்கும் தத்தம் இதழ்கள் இருந்தன. ஊர்தோறும் படிப்பகங்கள், முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் பத்துப் பேர் கேட்பர். அதில் சார்பு இல்லையா என்றால், சார்பைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். ஆயினும் இதழின் பெயரைப் பார்த்த அளவிலேயே அது எக்கட்சியினது என்பது எவர்க்கும் தெரியும். எதிர்க்கட்சிக்காரரும் அதே பெஞ்சில் அமர்ந்து அதே தேநீரைக் குடித்துக்கொண்டு, படிப்பவரை இடைமறித்து மறுப்பார்.

மும்பை வந்த நமக்கு அந்த இதழ்கள் ரெயிலேறி இரண்டு மூன்று நாள் தாமதித்து வந்து சேர்ந்தன. பழைய செய்திக்காகச் சண்டையிடுவதில் சுவை குறைவு. உடனுக்குடன் கேட்க நமக்கிருந்தது தில்லி வானொலியின் தமிழ்ச் செய்தி ஒன்றே. சரோஜ் நாராயணஸ்வாமி அவர்களின் குரலை அறியாத தமிழ்க் குடும்பம் இவ்வூரில் இருந்ததில்லை. 2022இல் அவர் இந்நகரிலேயே காலமானபோது நம் வீட்டுப் பெரியவர்கள் உறவினரை இழந்தாற்போல் வருந்தினர். அவர் யாருக்கு வாக்களித்தார் என்பதை அக்குரலைக் கொண்டு எவரும் அறிந்ததில்லை. உண்மையையும் சொல்லிவிட வேண்டும்: அது அரசாங்க வானொலி. ஆளும் அரசுக்கு உகந்ததே அதில் வரும். 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில் அது சொல்லாமல் விட்டது ஏராளம். பழைய காலம் பொற்காலம் என்று கூற நாம் வரவில்லை.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் தூர்தர்ஷன் காட்டும் மாநில மொழிப் படங்களில் தமிழின் முறை வருவதற்கு மாதக் கணக்கில் காத்திருந்த தலைமுறை நாம். ஆகவே 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, சன் தொலைக்காட்சி தொடங்கப்பெற்று, பின் நம் வட்டாரக் கேபிள்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது நாம் அடைந்த மகிழ்ச்சியை இளையோர் உணர்வது அரிது. இந்தியும் மராத்தியும் பேசி வளர்ந்த நம் பிள்ளைகள் அதைப் பார்த்தே தமிழ் பழகினர். மருமகள்கள் அதைப் பார்த்துச் சமையல் கற்றனர். மாமியார்கள் எட்டு மணித் தொடருக்காக விளக்கேற்றும் நேரத்தையே மாற்றிக் கொண்டனர். பாட்டும் படமும் நெடுந்தொடரும் ஊர்த் திருவிழாவும் வந்த அதே வாயிலில் செய்தியும் வந்தது. முரசொலியைக் கையில் எடுத்தவர், கட்சிப் பத்திரிகை படிக்கிறோம் என்று அறிந்து எடுத்தார். சன் செய்தியைப் பார்த்தவரோ ஊர்ச் செய்தி பார்க்கிறோம் என்றே நினைத்தார். அதன் உரிமையாளர் குடும்பத்துக்கும் தி.மு.க. தலைமைக்கும் இருந்த இரத்த உறவை அறியாதவர் இலர். அறிந்தும், அது நினைவில் நிற்பதில்லை. 1999இல் அ.இ.அ.தி.மு.க. பக்கத்தில் ஜெயா தொலைக்காட்சி வந்தது. அதிலும் பாட்டு உண்டு, படம் உண்டு, செய்தியும் உண்டு.

அதன் விளைவு எத்தகையது என்பதை 2001ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் நமக்குக் காட்டிற்று. மே மாதத்தில் ஆட்சி மாறியிருந்தது. சென்னை மேம்பாலங்கள் கட்டியதில் முறைகேடு என்ற வழக்கில், முன்னாள் முதலமைச்சர் கருணாநிதி அவர்களை நள்ளிரவு கடந்த வேளையில் காவல்துறையினர் வீடு புகுந்து கைது செய்தனர். 77 வயது முதியவர் இழுத்துச் செல்லப்படுவதையும் அவர் அலறுவதையும் சன் தொலைக்காட்சி பகல் முழுதும் திரும்பத் திரும்பக் காட்டியது. வடநாட்டு அலைவரிசைகளும் அதையே எடுத்துக் காட்டின. மத்திய அமைச்சர்கள் முரசொலி மாறனும் டி. ஆர். பாலுவும் உடன் கைதாயினர். ஜெயா தொலைக்காட்சியோ வேறு காட்சிகளைக் காட்டியது. அவற்றில் அமைச்சர்கள் காவலரைத் தள்ளி மல்லுக்கு நின்றனர். ஒருபுறம், காட்சியில் இருந்த மாறன், காட்டிய நிறுவனத்தின் அதிபருடைய தந்தை. மறுபுறம், காட்டிய அலைவரிசை கைது செய்த அரசின் கட்சியைச் சார்ந்தது. அந்த வாரம் எந்த வீட்டில் எந்த அலைவரிசை ஓடியதோ, அந்த வீட்டுக்கு அதுவே நடந்த நிகழ்ச்சி.

நம் அண்ணாச்சி ரெயில்வேயில் பணியாற்றியவர், நெல்லைச் சீமைக்காரர். அவருடைய நெருங்கிய நண்பர் ஆம்பூரிலிருந்து தாராவிக்கு வந்து தோல் வணிகத்தில் கணக்கெழுதியவர். இருவரும் ஒவ்வொரு ஞாயிறும் நம் வாசகசாலையில் சதுரங்கம் ஆடுவர். அந்த ஞாயிறு ஆட்டம் நடக்கவில்லை.

“அண்ணாச்சி, நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு கிழவரைத் தரதரவென்று இழுத்தார்கள்” என்றார் ஆம்பூர் நண்பர்.

“நானும் என் கண்ணால்தான் பார்த்தேன், ஐயா. காவல்காரனை அமைச்சர் தள்ளுகிறார்” என்றார் அண்ணாச்சி.

இருவரும் பொய் சொல்லவில்லை என்பதே இதில் வேடிக்கை. ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர் பொய் சொல்வதாக எண்ணினர். அதன்பின் ஒருவர் காலையில் வந்தால் மற்றவர் மாலையில் வரலானார். நான்கு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்து நகரம் மூழ்கியபோது, அண்ணாச்சியின் தரைத்தள வீட்டில் இடுப்பளவு நீர் நின்றது. அவர் தம் மனைவியோடும் பேரப்பிள்ளைகளோடும் இரண்டு இரவுகள் தங்கியது ஆம்பூர் நண்பரின் மாடி அறையில். மின்சாரம் இல்லாமையால் அங்குத் தொலைக்காட்சியும் ஓடவில்லை. அடுத்த ஞாயிறு சதுரங்கப் பலகை மீண்டும் விரிந்தது.

இது நம் தமிழர்க்கு மட்டும் உரிய குணமன்று. அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டு நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்னும் இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே அந்நாட்டுக் கால்பந்தாட்டம் ஒன்று நடந்தது. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் சிறந்த வீரர் மூக்குடைந்து வெளியேறினார். டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. இரு பல்கலைக்கழகங்களின் மாணவர் இதழ்களும் மாறிமாறிப் பழி தூற்றின. டார்ட்மத்தைச் சேர்ந்த ஹாஸ்டார்ஃப், பிரின்ஸ்டனைச் சேர்ந்த கான்ட்ரில் என்ற உளவியலார் இருவர், ஒரே படச்சுருளை இரு பக்கத்து மாணவர்க்கும் போட்டுக் காட்டி, டார்ட்மத்தார் செய்த தவறுகளை எண்ணச் சொன்னார்கள். பிரின்ஸ்டன் மாணவர் கண்ட தவறுகள், டார்ட்மத் மாணவர் கண்டவற்றினும் இருமடங்குக்கு மேற்பட்டன. 1954இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையில் ஒரு சிறு செய்தி உண்டு. தொலைவூரில் வாழ்ந்த டார்ட்மத் பழைய மாணவர் ஒருவர் அப்படத்தை வரவழைத்துப் பார்த்தார். தம் அணி செய்ததாகச் சொல்லப்பட்ட அக்கிரமங்கள் அவர் கண்ணுக்குப் படவேயில்லை. முக்கியமான பகுதிகளை வெட்டிவிட்டீர்கள் போலும், விடுபட்டதை அனுப்புக என்று தந்தி கொடுத்தார்! நம் வாசகசாலையின் பின்வரிசையில் எழுந்த குரலும் அதுதானே?

அங்கே ஒரே சுருளைக் காட்டியே இந்த நிலை. நமக்கோ ஆளுக்கொரு சுருள் தனித்தனியே தயாரித்துத் தரப்படுகிறது.

தயாரிப்போர்க்குள் உறவு திரிந்தால் பார்ப்போர் படும் பாடும் சிறிதன்று. 2007ஆம் ஆண்டு மே திங்களில், கலைஞரின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக் கணிப்பை ‘தினகரன்’ வெளியிட்டதைத் தொடர்ந்து, மதுரையில் அதன் அலுவலகம் தாக்கப்பட்டு மூவர் உயிரிழந்தனர். மாறன் குடும்பமும் தி.மு.க. தலைமையும் பிரிந்தன, அவ்வாண்டு செப்டம்பரில் கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. பதினான்கு ஆண்டுகள் சன் சொன்னதே வேதம் என்றிருந்த ஆம்பூர் நண்பர், எதைத் திருப்புவது என்றறியாது ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். 2008 டிசம்பரில் குடும்பங்கள் கூடிவிட்டன. அவர் பழையபடி சன்னுக்கே திரும்பினார். அண்ணாச்சிக்கு அந்தச் சோதனை பின்னால் வந்தது. 2017இல் அ.இ.அ.தி.மு.க. பிளவுற்றபோது ஜெயா தொலைக்காட்சி சசிகலா குடும்பத்தார் பக்கம் நின்றது. ஆட்சியிலிருந்தவர்களுக்காக 2018இல் நியூஸ் ஜெ என்று புதிதாக ஒன்று எழுந்தது. நேற்றுவரை உண்மை பேசிய பெட்டி இன்று காலை முதல் பொய் பேசுகிறதென்றால் நம்பிக்கையுள்ள மனிதர் என் செய்வார்? வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்தது. அரசியல் அமைப்புகள் ஒளிபரப்பில் இறங்கலாகாது என்று டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்தது. பரிந்துரைகள் ஏட்டில் உள்ளன.

மும்பைத் தமிழராகிய நாம் இவ்விஷயத்தில் மற்றவரினும் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஏனெனில், ஒரு பத்திரிகை மக்களை எப்படி இரண்டாகப் பிரிக்கும் என்பதை நாம் பிறரிடம் கேட்டு அறிய வேண்டியதில்லை. இந்நகரின் வரலாற்றிலேயே அது உண்டு. அதில் பிரிக்கப்பட்டவர் நாம்.

1960ஆம் ஆண்டு மே முதல் நாள் மராட்டிய மாநிலம் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பால் தாக்கரே ‘மார்மிக்’ என்ற கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். அதற்குமுன் அவர் கேலிச்சித்திரம் வரைந்தது ஃப்ரீ பிரஸ் ஜர்னலில். அந்த நாளிதழை நிறுவிய சதானந்த் ஒரு தமிழர் என்பது காலத்தின் குறும்பு. மார்மிக்கில் ஒரு பகுதி வந்தது. இன்ன நிறுவனத்தில் இன்ன அதிகாரி, இன்ன பெயர் என்று தென்னாட்டார் பெயர்களை வரிசையாக அச்சிட்டனர். தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் பெயர்களைத் திரட்டினர். ‘படியுங்கள், சும்மா இருங்கள்’ என்பது அப்பகுதியின் தலைப்பு. பின்னர் அது ‘படியுங்கள், எழுந்திருங்கள்’ என்று மாறியது. 1966ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சிவசேனை தோன்றியது. அக்டோபர் 30ஆம் நாள் சிவாஜி பூங்காவில் முதற் பெருங்கூட்டம். அதனை ஒட்டிய காலத்தில் தென்னாட்டார் உணவுவிடுதிகள் தாக்குண்டதும், வேட்டி கட்டியவர் கேலிக்கு ஆளானதும் வரலாறு.

அப்பட்டியலை இன்று நினைக்கும்போது ஒன்று புலப்படுகிறது. பட்டியலில் இருந்த பெயர்கள் மெய்யான பெயர்கள்; அவர்கள் வகித்த பதவிகளும் மெய்யானவை. மராத்தி இளைஞர்க்கு வேலையின்மை என்ற துயரும் மெய்யே. தம் மாநிலத்துக்காக நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் கொடுத்த மக்கள் அவர்கள். எனின், பிழை எங்கே? பட்டியலில் இல்லாதவற்றில். அதே நிறுவனத்தில் வேலை பார்த்த மராத்தியர் எத்தனை பேர் என்பது அதில் இல்லை. தாராவித் தோல் பதனிடும் கொட்டில்களில் முழங்கால்வரை சுண்ணாம்பு நீரில் நின்ற தமிழர் அதில் இல்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் இல்லை. அவர்கள் வீட்டில் தொலைபேசி ஏது? தொலைபேசிப் புத்தகத்தில் தேடினால் தென்னாட்டார் எல்லாரும் அதிகாரிகளாகத்தான் தெரிவர். அதைப் படித்து எழுந்தவர்கள் கண்முன் முதலில் அகப்பட்டதோ, தோசை சுட்டு விற்றவர் கடை.

பின்னாளில் அக்கட்சியின் கோபம் வேறு மக்கள்மேல் திரும்பியது. இன்று நம்மவருள் அதற்கு வாக்களிப்போரும் உண்டு. அவரைக் குறை கூறோம். கட்சிகள் மாறும், மக்களும் மாறுவர்.

இப்பொழுது நிலைமை இன்னும் நுட்பமாகிவிட்டது. அச்சுக்கூடம் வேண்டா, அலைவரிசை வேண்டா. வாட்ஸாப் குழு ஒன்று போதும். நம் சங்கக் குடும்பங்களுக்குள்ளேயே இத்தகைய குழுக்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தோம். கண்டுபிடிக்க முடிந்தவை ஒன்பது. ஒன்று பிறந்தநாள் வாழ்த்துக்காகத் தொடங்கப்பட்டது; ஒன்று மாதச்சீட்டுக்காக; ஒன்று ரெயில் பயணச்சீட்டு வாங்கித் தர. மூன்றிலும் இப்பொழுது தமிழ்நாட்டுத் தேர்தல் நடக்கிறது! பிள்ளை பிடிப்பவர் வந்திருப்பதாகப் பரவிய வதந்தியால் 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நம் மாநிலத்துத் துளே மாவட்டத்தில் வழிப்போக்கர் ஐவரை ஊரார் அடித்துக் கொன்றனர். நாடெங்கும் அத்தகைய கொலைகள் நடந்த பின்னரே, ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி அந்நிறுவனம் வரம்பு கட்டியது. ஆனால் அனுப்புகிறவர் நம் மைத்துனராகவும், பெறுகிறவர் நம் சம்பந்தியாகவும் இருக்கும்போது ஐந்து என்ற கணக்கு எங்கே நிற்கும்? கட்சிப் பத்திரிகையில் கண்டால் ஐயுறுவோம். மாமா அனுப்பினால் ஐயுறுவது மரியாதைக் குறைவு.

அன்று கூட்டத்தில் காட்டப்பட்ட துண்டுக் காட்சியைப் பிறகு நாம் தேடிப் பார்த்தோம். முழுப் பேச்சு நாற்பது நிமிடம். தலைவர் தம் எதிராளி சொன்னதாக ஒன்றை எடுத்துச் சொல்லி, அதன்பின் அதை மறுத்திருக்கிறார். துண்டில் இருந்தது எடுத்துச் சொன்ன பகுதி மட்டுமே. அதைக் காட்டிய இளைஞரிடம் சொன்னோம். முழுதும் பார்த்துவிட்டு, “எனக்கு வந்தது இவ்வளவுதான், ஐயா” என்றார். பொய்யில்லை. அவருடைய மகளும் அப்பள்ளியில்தான் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள்.

இரண்டாம் கூட்டம் பதினைந்து நாள் கழித்துக் கூடியது. அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். மனுவைத் தட்டச்சில் விடாமல், முதற்கூட்டத்தில் அதை எதிர்த்தவர்களுள் ஒருவரே தம் கையால் படி எடுத்து எழுதட்டும் என்றார். அவ்வாறே ஆம்பூர் நண்பரின் மகன் எழுதினார். எழுதும்போது இரண்டு சொற்களைத் திருத்தினார். திருத்தம் நன்றாகவே இருந்தது. அன்று வந்தவர் நாற்பத்தைவர்; கையொப்பமிட்டோர் நாற்பத்துமூவர். மீதி இருவர், யோசித்துச் சொல்கிறோம் என்று சென்றனர்.

மனு இம்மாதம் 20ஆம் நாள் வரை வாசகசாலை மேசைமேல் இருக்கும். மாலை ஆறு முதல் எட்டரை வரை எவரும் வந்து கையொப்பமிடலாம். பள்ளியில் பயிலும் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் உடன் குறிப்பிட வேண்டுகிறோம்.